கைக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று

கோடை சீசனில் புருவம் திருத்திக்கொள்ள என் பார்லருக்கு வந்த வெளியூர்ப் பெண் ஒருத்தி, நாற்காலியில் சாய்ந்துகொண்டே தன் தோழியிடம் பேசிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச காலத்தில் மனிதனும் இயந்திரமும் ஒன்றாகிவிடப் போகிறார்களாம். மூளைக்குள்ளேயே சின்னக் கருவி ஒன்றைப் பொருத்திவிடுவார்களாம். அப்புறம் நோய் இருக்காதாம், மறதி இருக்காதாம். தோழி, "ஐயோ, எனக்கு வேணாம்ப்பா. அப்புறம் நான் நானா இருப்பேனா?" என்று சிரித்தாள்.

நான் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்தபடி அவள் நெற்றிமேல் குனிந்திருந்தேன். என் தலைமுடிக்குள் இரண்டு பக்கமும் நாணயம் அளவுக்கு இரண்டு மேடுகள் உண்டு. அங்கிருந்து கம்பி காதுக்குப் பின்னால் இறங்கி, கழுத்து வழியாக, நெஞ்சுக்கு மேலே தோலுக்கடியில் இருக்கும் பேட்டரிக்குப் போகிறது. அதை அவர்களிடம் சொல்லவில்லை. வாயில் நூல் இருந்தது மட்டும் காரணமில்லை. அந்த நேரத்தில் என்னால் ஒழுங்காகப் பேச முடியாது. ஏன் என்று விளங்க வேண்டுமானால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இந்த நோய் வந்தவர்களோ அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களோ படித்தால் கொஞ்சம் உதவும் என்று நினைத்து எழுதுகிறேன்.

என் பெயர் பிலோமினா. ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற முக்கில், ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் என் பார்லர் இருக்கிறது. பின்பக்க அறையில் நான் குடியிருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. பார்த்தார்கள், அமையவில்லை, அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். தம்பி தாஸ் பக்கத்தில் வெள்ளக்கடை கிராமத்தில் மனைவி பிள்ளைகளோடு இருக்கிறான். டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். எனக்குப் பேச்சுத்துணை என்றால் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள்தான். மலையில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் எனக்குத் தெரியும். நானும் நிறையப் பேசுவேன். புருவத்துக்காக வருகிறார்களா பேச்சுக்காக வருகிறார்களா என்று எனக்கே சந்தேகம் வரும்.

முதலில் இடது கைக் கட்டைவிரல்தான் ஆடியது. சும்மா வைத்திருக்கும்போது பீடி சுருட்டுவதுபோல் தானாகவே உருளும். வேலையில் இறங்கினால் அடங்கிவிடும். அசதி என்று விட்டுவிட்டேன். அடுத்த வருடம் வலது கைக்கும் வந்தது. புருவம் திருத்துவதற்கு நூலின் ஒரு முனை பல்லில் இருக்க வேண்டும், மறுபக்கத்தை இரண்டு கைகளும் பிடித்திருக்க வேண்டும். நடுவில் இருக்கும் முறுக்கு, கத்தரிபோல் திறந்து மூடி, வேண்டாத முடியை மட்டும் பிடுங்கும். விரல் ஒரு நெல்லளவு நகர்ந்தால் போதும், வேண்டிய முடியும் போய்விடும். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகளுக்குக் கல்யாணத்துக்கு முந்தின நாள் அப்படித்தான் போனது. பாதிப் புருவம் வழித்துவிட்டதுபோல் ஆகிவிட்டது. அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்துவிட்டு அழுதது. மறுநாள் சர்ச்சில் பென்சிலால் வரைந்த புருவத்தோடு நின்றது. அவள் அம்மா ஊர் முழுக்கச் சொன்னாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

முகம் போனதுதான் எனக்கே தெரியவில்லை. செல்வி சொல்லித்தான் தெரிந்தது. செல்வி அடிவாரத்துக்காரி. மேலே ஒரு பெரிய ஹோட்டலில் ரூம் சுத்தம் செய்யும் பெண்களுக்குச் சூப்பர்வைசர். மாதா மாதம் தவறாமல் என்னிடம் வருவாள்.

"ஏனுங்கக்கா, எம்மேல ஏதாச்சும் கோவமுங்களா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எதுக்குக் கோவம்? சிரிச்சுக்கிட்டுத்தான இருக்கறேன்."

"எங்க சிரிச்சீங்க? செத்த கண்ணாடியப் பாருங்க."

பார்த்தேன். சிரிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் இருந்தவள் யாரோ பணம் தராமல் போய்விட்டதுபோல் உம்மென்று இருந்தாள். உதட்டை இழுத்துப் பார்த்தேன். இழுத்த அளவுக்கு நகர்ந்தது, விட்டதும் பழையபடி தொங்கிவிட்டது. எத்தனை மாதமாக எல்லோரையும் இந்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேனோ! பழகியவர்கள் பலர் ஏன் வராமல் போனார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. பிலோ அக்காவுக்குத் திமிர் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

சேலத்தில் நரம்பு டாக்டரிடம் போனேன். காத்திருக்கும் இடம் முழுக்க வயதானவர்கள். ஆளுக்கொரு மகனோ மருமகளோ கூட வந்திருந்தார்கள். பக்கத்திலிருந்த அம்மா, "ஏனுங்க, யாரக் கூட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். "என்னத்தானுங்க, நானே கூட்டிட்டு வந்தனுங்க" என்றேன். அவர் தன் பையிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்து என் மடியில் வைத்தார். உரித்துச் சாப்பிடக் கை வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

பெரிய டெஸ்டெல்லாம் எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். டாக்டர் விரலைத் தட்டச் சொன்னார், கையை மடக்கிப் பார்த்தார், நடக்கச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். ஆரம்பத்தில் பெரிதாக இருந்த என் எழுத்து வரி முடியும்போது எறும்பு ஊர்வதுபோல் சிறுத்திருந்தது. "பார்கின்சன்ஸ் மாதிரி இருக்கும்மா" என்றார். மூளையின் அடியில் ஒரு சின்ன இடத்தில் டோபமின் என்கிற சாரம் சுரக்கிறது. கை கால் முகமெல்லாம் நாம் நினைத்தபடி சட்டென்று அசைய அதுதான் எண்ணெய். அதைச் சுரக்கும் செல்கள் செத்துக்கொண்டே வருவதுதான் இந்த வியாதி. ஏன் சாகின்றன என்று யாருக்கும் தெரியாது. சுரப்பை ஈடுகட்ட மாத்திரை உண்டு, நிறுத்துவதற்கு மருந்து இல்லை.

மாத்திரை சில வருடங்கள் நன்றாகவே காப்பாற்றியது. அப்புறம் அதன் பலம் நிற்கும் நேரம் குறைந்தது. மாத்திரையைக் கூட்டினால் உடம்பு வேறு விதமாக ஆடத் தொடங்கியது. காற்றில் செடி அசைவதுபோல் தோளும் கழுத்தும் வளைந்து வளைந்து ஆடும். மாத்திரை இல்லாவிட்டால் மரக்கட்டை, இருந்தால் ஆட்டம். நடுவில் மனுஷியாக இருந்த நேரம் ஒரு நாளில் கொஞ்சமே கொஞ்சம். அந்த நேரம் எப்போது வரும் என்று பார்த்து யாருக்கும் வரச்சொல்ல முடியாது. பார்லரில் கண்ணாடிகளும் நானும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். மதியத்துக்கு மேல் பனி ஏறி வந்து ஜன்னலை மூடிக்கொள்ளும்போது கண்ணாடியிலும் ஒன்றும் தெரியாது.

தாஸ்தான் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒரு டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். மண்டையில் இரண்டு சின்னத் துளை போட்டு, சேமியா அளவுக்குத் தடிமனான கம்பியை மூளையின் ஆழத்தில் இறக்குவார்கள். நெஞ்சில் வைக்கும் பேட்டரியிலிருந்து அதற்கு ஓயாமல் மின்சாரம் போகும். தப்பான தாளத்தில் துடிக்கிற செல்களை அந்த மின்சாரம் அடக்கும். வியாதி போகாது, ஆனால் கை நிற்கும்.

"இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைக்கிறாங்கல்ல, அதே மாதிரி இது மூளைக்கு. இருநூறு பேர் பேசற கூட்டத்துல ஒருத்தர் மைக்கைப் பிடிச்சு அமைதியா இருங்கன்னு சொல்ற மாதிரி."

"கை நிக்கும்தானுங்களே?"

"நிக்கறதுக்கு நல்ல வாய்ப்பிருக்கு. சிலருக்குப் பேச்சு கொஞ்சம் குழறலாம். அதையும் சொல்லிடணும்."

அவர் சொன்னது காதில் விழுந்தது. மனதில் இறங்கவில்லை. நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செலவுக்கு, வெள்ளக்கடையில் எங்கள் இருவர் பேரிலும் இருந்த மிளகுத் தோட்டத்தைத் தாஸ் விற்றான். அவன் பிள்ளைகளுக்கென்று இருந்ததும் அது ஒன்றுதான். அதைப் பற்றி அவனும் பேசவில்லை, அவன் மனைவியும் பேசவில்லை. நான் பேச்செடுத்தால் அவன் எழுந்து வேனைத் துடைக்கப் போய்விடுவான்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு வாரம் பல சோதனைகள். மண்டையை ஸ்கேன் எடுத்தார்கள், சுரங்கம்போல் இருந்த அந்த மிஷினுக்குள் தலையை அசைக்காமல் படுக்க மயக்கம் கொடுத்தார்கள். மனநல ஆலோசகர் ஒருவர் ஞாபகசக்தியைச் சோதித்தார். தெரிந்த மிருகங்களின் பேரையெல்லாம் சொல்லச் சொன்னார், சொன்னேன். அப்புறம், "மனசுக்குக் கஷ்டமா இருந்தா யார்கிட்டம்மா பேசுவீங்க?" என்று கேட்டார்.

"நாற்காலில உக்கார்றவங்ககிட்டங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நகைச்சுவை என்று நினைத்தாரா என்னவோ. என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

பெண்கள் வார்டில் துணைக்கு ஆண்பிள்ளை இருக்கக் கூடாது. தாஸ் கீழே வேனில் படுத்துக்கொண்டான். அவன் மனைவிக்குச் சின்னக் குழந்தை. யாரை வைப்பது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது செல்வி லீவு போட்டுவிட்டு ஒரு பையோடு வந்து நின்றாள். "நானும் எத்தன நாளைக்குத்தானுங்க அடுத்தவங்க பெட்டுக்கு விரிப்பு மாத்தறது? செத்த உக்காந்துட்டுப் போறனுங்க" என்றாள்.

ஆபரேஷனுக்கு முந்தின மாலையோடு மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். வியாதி முழுசாக வெளியே தெரிந்தால்தான் கம்பி சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க முடியுமாம். விடிவதற்குள் நான் மரக்கட்டை ஆகிவிட்டேன். புரண்டு படுக்க முடியாது. மூக்கு அரித்தால் சொறிய முடியாது. கையும் தாடையும் மட்டும் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன. கூப்பிட்டால் குரல் தலையணையைத் தாண்டவில்லை. செல்வி கீழே பாயில் படுத்திருந்தாள். ஓரடி தூரம்தான். அந்த ஓரடியை என்னால் தாண்ட முடியவில்லை. அவ்வளவு தனியாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

காலையில் தலையை மழிக்க வந்தார்கள். இடுப்பு வரைக்கும் முடி எனக்கு. மற்றவர்களுக்கெல்லாம் வெட்டிவிட்டு என்னுடையதை மட்டும் வெட்டாமல் வளர்த்தேன். மிஷினோடு வந்த சிஸ்டரைச் செல்வி நிறுத்தினாள்.

"சிஸ்டர், இவங்க எனக்குப் பத்து வருசமா முடி வெட்டி உடறவங்க. இவங்களுக்கு நான் எடுத்து உடறனுங்க. நீங்க பக்கத்துல நின்னு சொல்லுங்க போதும்."

சிஸ்டர் சிரித்துவிட்டு மிஷினை அவளிடம் கொடுத்தார். செல்விக்குப் பழக்கமில்லை, அங்கங்கே திட்டுத்திட்டாக விட்டாள், சிஸ்டர் திருத்தினார். செல்வி ஒரு கையால் என் தாடையைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டத்தை நிறுத்துவதற்காகத்தான். ஆனால் அப்படி என் முகத்தை ஒருவர் பிடித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஆயிரக்கணக்கான முகங்களை நான் பிடித்திருக்கிறேன், என் முகத்தைப் பிடிக்க ஆளில்லை.

தலையைச் சுற்றி ஓர் இரும்புச் சட்டத்தை வைத்து நான்கு திருகாணிகளால் இறுக்கினார்கள். மரத்துப்போக ஊசி போட்டார்கள், இருந்தாலும் இறுக்கும்போது தலை தேங்காய் போல நெரிந்தது. முக்கியமான விஷயம் இது: ஆபரேஷன் நடக்கும்போது விழித்திருக்க வேண்டும். மூளைக்கு வலி தெரியாது. துளை போடும்போது வலிக்கவில்லை, ஆனால் மண்டை முழுக்கக் கல் உடைக்கும் கிரஷர் ஓடும் சத்தம். பல்லெல்லாம் அதிர்ந்தது. அப்புறம் திடீரென்று அமைதி. எங்கிருந்தோ தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி சத்தம் கேட்டது.

"வெளியே மழையா டாக்டர்?" என்று கேட்டேன். அவர்கள் குனிந்துதான் என் பேச்சைக் கேட்க வேண்டியிருந்தது.

"இல்லம்மா. அது உங்க மூளை செல்லோட சத்தம். கம்பி நுனியில மைக் மாதிரி வெச்சு ஸ்பீக்கர்ல கேக்கறோம்" என்றார் டாக்டரம்மா.

கம்பியை இம்மி இம்மியாக இறக்கினார்கள். மழை கூடியது, குறைந்தது, ஓரிடத்தில் சோவென்று கொட்டியது. அங்கே நிறுத்தி மின்சாரம் விட்டார்கள். என் வலது கை நின்றது.

ஆடி ஆடிக் குறைந்து நிற்கவில்லை. விசிறியின் ஸ்விட்சை அணைப்பதுபோலவும் இல்லை, விசிறியாவது கொஞ்சம் சுற்றிவிட்டு நிற்கும். இது அப்படியே நின்றது. ஆறு வருடமாக என்னுடையதாக இல்லாத கை என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது. மறுபக்கத்துக் கம்பியையும் இறக்கியதும் இடது கையும் அப்படியே நின்றது.

"நீங்க என்ன வேலைம்மா செய்றீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். சொன்னேன். அவர் சிஸ்டரிடம் ஏதோ சொல்ல, ஒரு துண்டு தையல் நூலை என் கையில் கொடுத்தார்கள். படுத்தபடியே, சட்டம் தலையைப் பிடித்திருக்க, நூலை விரல்களில் மாட்டி நடுவில் முறுக்கினேன். திறந்தேன், மூடினேன், திறந்தேன். முறுக்கு வழுக்கிக்கொண்டு அங்குமிங்கும் ஓடியது. பின்னால் யாரோ கைதட்டினார்கள். என் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது, துடைக்க முடியவில்லை. சிஸ்டர் துடைத்துவிட்டார்.

பேட்டரியை முழு மயக்கத்தில் வைத்தார்கள். காயம் ஆறிய பிறகு திரும்பப் போய், கருவியை முறையாக ஓடவிட்டோம். டாக்டரம்மா கையில் ஒரு சின்னத் திரை இருந்தது. அதில் விரலால் ஏற்றினால் என் தலைக்குள் மின்சாரம் ஏறியது. இடையில் கம்பி ஒன்றும் இல்லை. அவர் கூட்டக்கூட என் கை அடங்கியது. நன்றாக அடங்கிய இடத்தில், "உங்க பேரு, ஊரு சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். நான் சொன்னது ஒன்று, வெளியே வந்தது வேறு. நாக்கு தடித்து, கூழை வாயில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் வந்தது. தாஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவர் இறக்கினார். பேச்சு தெளிந்தது, விரல் ஆடத் தொடங்கியது. மறுபடி ஏற்றினார். கம்பியின் நுனியில் இருக்கும் நான்கு இடங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அன்றைக்கு, அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று போய்வந்தோம். கையும் வாயும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் எனக்குக் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. அதே வார்டில் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் நன்றாகப் பேசிக்கொண்டு, கையெழுத்தும் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். என் மூளையில் அந்த இரண்டு பாதைகளும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஓடுகின்றனவாம்.

கடைசியில் டாக்டரம்மா என் கையில் ஒரு ரிமோட் கொடுத்தார்.

"ரெண்டு புரோகிராம் போட்டிருக்கேம்மா. ஒண்ணுல கை நிக்கும், பேச்சு குழறும். இன்னொண்ணுல பேச்சு நல்லா இருக்கும், கை கொஞ்சம் ஆடும். எப்ப எது வேணுமோ மாத்திக்குங்க. முடிவு உங்களுதுதான்."

வண்டியில் மலை ஏறும்போது, கொண்டை ஊசி வளைவுகளில், மடியில் இருந்த அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தேன். தவறி அழுந்திவிடுமோ என்று பயம்.

பார்லரைத் திறந்தேன். பிலோ அக்காவுக்குக் கை சரியாகிவிட்டது என்று தெரிந்து ஒவ்வொருவராக வந்தார்கள். எஸ்டேட் ரைட்டரின் மகள்கூடக் குழந்தையோடு வந்து முகத்தைக் கொடுத்தது. காலையில் கடை திறந்ததும் கைக்கான புரோகிராமுக்கு மாற்றுவேன். பேச்சு குழறினால் என்ன, பேசிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் டூரிஸ்ட் பெண்களிடம், கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். ஒருத்தி மற்றவளிடம் மெதுவாக, "காலையிலேயே தண்ணி போட்டிருக்கா போல" என்றாள். காது எனக்கு நன்றாகவே கேட்கும். அன்றோடு வாயை மூடிவிட்டேன். கையாலேயே சாயச் சொல்வேன், கண்ணாடியைக் காட்டுவேன், தலையாட்டுவேன். உள்ளூர்க்காரர்கள் பழகிக்கொண்டார்கள். அவர்கள் பேசினார்கள், நான் கேட்டேன். பதில் சொல்லாதவளிடம் எவ்வளவு நேரம்தான் பேச முடியும்? மெல்ல அவர்கள் செல்போனை எடுத்துக்கொண்டார்கள்.

கடை சாத்திய பிறகு பேச்சுக்கான புரோகிராமுக்கு மாற்றுவேன். சில நிமிடங்களில் நாக்கு லேசாகும். விரல்கள் தாளம் போட ஆரம்பிக்கும். பேச ஆளிருக்காது. தாஸுக்குப் போன் செய்வேன், அவன் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான், அல்லது களைத்துத் தூங்கியிருப்பான். ஆள் இருக்கும் நேரத்தில் வாயில்லை, வாயிருக்கும் நேரத்தில் ஆளில்லை. ஜெபப் புத்தகத்தை எடுத்துச் சத்தமாக வாசிப்பேன், என் குரலை நானே கேட்பதற்காக.

வாரத்தில் ஒரு நாள் எனக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். தட்டையான வட்டு ஒன்றைத் தோளோடு பட்டை கட்டி, பேட்டரிக்கு மேல் பொருந்தும்படி வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். நெஞ்சு லேசாகச் சூடாகும். பேட்டரி தீர்ந்து சட்டென்று நின்றுபோனால் உடம்பு ஒரேயடியாக விறைத்துவிடலாம், விழுங்கக்கூட முடியாமல் போகலாம் என்று எச்சரித்திருந்தார்கள்.

ஐப்பசி மழையில் அதற்கும் சோதனை வந்தது. பெருங்காற்றில் மரங்கள் கரண்டுக் கம்பிகள்மேல் விழுந்து மலை முழுக்க மின்சாரம் போனது. செல்போன் டவரும் போனது. அன்றைக்குத்தான் நான் சார்ஜ் ஏற்ற வேண்டிய நாள். இரண்டாம் நாள் ரிமோட்டில் பேட்டரிப் படம் சிவப்பாகியது. மின்சாரம் குறைவாகச் செலவாகட்டும் என்று பேச்சுக்கான புரோகிராமுக்கு மாற்றிவிட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். வெள்ளக்கடைச் சாலையில் மரம் விழுந்து கிடந்தது, தாஸ் வர முடியாது. மழையில் நானாக இறங்கிப் போனால் படியிலேயே விழுவேன். சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பசித்தது, அடுப்பைப் பற்றவைக்கப் பயமாக இருந்தது. அணைக்கும்போது கை இருக்குமோ இருக்காதோ!

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. செல்வி. சேலையின் கீழ்ப்பாதி முழுக்க நனைந்திருந்தது.

"அக்கா! பேட்டரி எவ்வளவு இருக்குதுங்க?"

வேறு எதுவும் கேட்கவில்லை. ரிமோட்டைக் காட்டினேன்.

"நல்லா இருந்தீங்க போங்க. சார்ஜர எடுங்க. எங்க ஹோட்டல்ல ஜெனரேட்டர் ஓடுது."

"கெஸ்ட்டுக்குத்தான ஓட்டுவாங்க? மேனேஜர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"கேட்டா அயர்ன் பாக்ஸுன்னு சொல்லிக்கறனுங்க. நீங்க வாங்க மொதல்ல."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டன. அவள், "ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தத் தாளத்துக்குத்தான் கால் நகர்ந்தது. ஹோட்டலின் பின்கட்டில் படுக்கை விரிப்புகள் அடுக்கி வைத்திருக்கும் அறையில் என்னை உட்காரவைத்து, பிளக்கைச் சொருகினாள். வட்டு நெஞ்சில் சூடானது. சோப்பு வாசனையும் ஈரத்துணி வாசனையுமாக இருந்தது. அவள் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, விரிப்புகளை மடிக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் பேச்சில் இருக்கிறேன் என்பது. எதிரில் ஆளும் இருக்கிறது.

பேசினேன். என்னவெல்லாமோ பேசினேன். மூளையின் மழைச் சத்தத்தைப் பற்றி, தாஸ் விற்ற தோட்டத்தைப் பற்றி, தண்ணி போட்டவள் என்று சொன்ன பெண்ணைப் பற்றி. செல்வி, "அவ கெடக்கறா" என்றாள். இருவரும் சிரித்தோம். என் முகமும் கொஞ்சம் சிரித்தது, அவளே சொன்னாள். அப்புறம் ஒரு விரிப்பை மடித்ததையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டு, "ஒண்ணு சொல்லோணுமுங்க. மகளுக்கு ஓசூர்ல வேல. கொழந்தையப் பாத்துக்க ஆளில்லையாம். பொங்கலுக்குள்ள அங்கயே போயிருவனுங்க" என்றாள்.

"திரும்பி வருவியா?"

"மாசா மாசம் வர முடியுமுங்களா?" என்றாள்.

போகிற நாளில் பார்லருக்கு வந்தாள். காலை நேரம், நான் கைக்கான புரோகிராமில் இருந்தேன். நாற்காலியில் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினேன். உட்கார்ந்தாள். அவள் புருவம் எனக்கு மனப்பாடம். வலது பக்கம் நடுவில் ஒரு சின்ன வடு, அங்கே முடி வளராது, அதை மறைக்கிற மாதிரித் திருத்த வேண்டும். கடைசியாக அதை அழகாகச் செய்து அனுப்ப வேண்டும் என்று முந்தின நாளே நினைத்து வைத்திருந்தேன். நூலை வெட்டிப் பல்லில் வைத்தேன்.

செல்வி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"புருவம் ஓசூர்லயும் பண்ணிக்கலாமுங்க. அங்க வீதிக்கு வீதி பார்லர் இருக்குதாம்" என்றாள். "அந்தப் பட்டன மாத்துங்க. பஸ்ஸுக்கு நேரம் கெடக்குது. பேசுங்கக்கா."

நூலைக் கீழே போட்டுவிட்டு ரிமோட்டை எடுத்தேன். நாக்கு லேசாகும் வரைக்கும் இருவரும் காத்திருந்தோம். என் விரல்கள் ஆடத் தொடங்கியதும் அவள் அவற்றைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். முக்கியமான எதையும் நாங்கள் பேசவில்லை. பேரக்குழந்தைக்கு என்ன பேர், ஓசூரில் குளிர் எப்படி, ஹோட்டலில் புதிதாக வரப்போகிறவள் எப்படிப்பட்டவள் என்று பேசினோம். தாஸ் அவளை அடிவாரம் வரைக்கும் வேனில் இறக்கிவிட வந்து கீழே ஹாரன் அடித்தான். அவள் பழைய புருவத்தோடே எழுந்து படியிறங்கிப் போனாள்.

அன்று கடை சாத்தும்வரை நான் கைக்கு மாறவில்லை. மதியம் புருவத்துக்காக இரண்டு பேர் வந்தார்கள். "இன்னைக்கு முடியாதுங்க, நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பினேன். வாயாலேயே சொல்லி அனுப்பினேன்.